அரிசி டிரம்முக்குள்ள ஒரு கால்குலேட்டர்

ஒரு ஊர்ல ஒரு தையல் மிஷின் இருந்துச்சாம். ராசா எங்கே, ராணி எங்கேன்னு கேக்காதே. இந்தக் கதைக்கு ராசா நீதான், நல்லா போர்த்திக்கிட்டுப் படு. அந்த மிஷின் காலையில கோலம் போட்டு முடிச்சதும் கடகடகடகடன்னு ஆரம்பிச்சா, சாயங்காலம் விளக்கு வைக்கிற வரைக்கும் நிக்காதாம். ம் கொட்டு. நீ ம் கொட்டலைன்னா மிஷின் நின்னுடும்.

“ம்.”

ஆ, ஓடுது பாரு. அந்த மிஷினை ஓட்டுறது யாரு தெரியுமா? செண்பகம்னு ஒரு அம்மா. அம்பாசமுத்திரம் பக்கம், வாய்க்கால் ஓரமா ஒரு தெரு, அங்கதான் வீடு. அவளுக்கு ஒரே பொண்ணு, பேரு பூரணி. நாலாங்கிளாஸ். உன்னை விட ஒரு வயசுதான் மூப்பு. ரெட்டைச் சடை, முன்பல் ஒண்ணு விழுந்து பாதி முளைச்சிருக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்தா மிஷினுக்கு அடியில போய் உக்காந்துக்கும். மேல இருந்து வெட்டுத்துணி விழும், அதையெல்லாம் பொறுக்கி எடுத்துத் தன் பொம்மைக்குப் பாவாடை தைக்கும். பொம்மையோட இடுப்பைச் சுத்தி மூணு சுத்து வர்ற அளவுக்குத் துணி வேணும், அப்பத்தான் கொசுவம் கொசுவமா வந்து குடை மாதிரி நிக்கும். ரெண்டு சுத்துக்குத் தைச்சா பொம்மை சாக்குப்பை கட்டினாப்ல இருக்கும். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரல. தைச்சுத் தைச்சு, பிரிச்சுப் பிரிச்சு அவளுக்கே தெரிஞ்சுபோச்சு.

அப்புறம் அந்த வீட்டுல ஒரு கால்குலேட்டர் இருந்துச்சு. பூரணியோட அப்பா லாரி ஓட்டுறவரு. மாசத்துக்கு ஒரு தடவை வருவாரு. ஒரு தடவை வரும்போது செண்பகத்துக்கு வாங்கியாந்தாரு, அளவுக் கணக்கு போட. செண்பகம் அஞ்சாவதுக்கு மேல பள்ளிக்கூடம் போகல, பாவம். பெரிய கணக்கா வந்தா விரலெல்லாம் பத்தாம கால்விரலையும் பாக்குறாளேன்னு அவருக்கு மனசு கேக்கல. உள்ளங்கை அளவுதான் இருக்கும். கறுப்புக் கலர். அழுத்தினா டிக், டிக், டிக்னு சத்தம்.

அந்த டிக் டிக் கேட்டாப் போதும், பூரணிக்கு இருப்பு கொள்ளாது. ஏன்? அவளுக்கும் வீட்டுக்கணக்கு இருக்கே. உனக்கு இருக்கிற மாதிரி.

“எனக்கு நிறைய இருக்கு.”

உனக்கு நிறையத்தான் இருக்கு, தெரியும். கேளு. பூரணி அம்மாவைக் கேப்பா, “எப்பம்மா எனக்குக் கால்குலேட்டர் தருவே?”

“பெரியவளானதும்.”

“எப்போ பெரியவளாவேன்?”

“நான் சொல்லுறப்போ.”

“எப்போ சொல்லுவே?”

“ஏட்டி, போய் வாய்ப்பாடு படி!”

இவ்வளவுதான் பதில். நிஜத்தைச் சொல்லணும்னா, எப்போ குடுக்கணும்னு செண்பகத்துக்கே தெரியாது. குடுத்தா பிள்ளைக்கு மூளை மழுங்கிடுமோன்னு பயம். குடுக்கலைன்னா பிள்ளை ஏங்குதேன்னு வருத்தம். ரெண்டுக்கும் நடுவுல நின்னு என்ன செஞ்சா தெரியுமா? ஒளிச்சு வச்சா.

முதல் தடவை எங்க ஒளிச்சா? பட்டன் டப்பாக்குள்ள. மேல பட்டன், கீழ பட்டன், நடுவுல கால்குலேட்டர். பூரணி சும்மா இருப்பாளா? டப்பாவை ஆட்டிப் பாத்தா. ஜல் ஜல் ஜல்னு வர்ற சத்தத்துக்கு நடுவுல ஒரு டொக். “ஆஹா!”ன்னு எடுத்துட்டா. அன்னைக்கு வீட்டுக்கணக்கு என்னன்னா, ஒரு பஸ்ல நாப்பத்தஞ்சு பேர் போனா எட்டு பஸ்ல எத்தனை பேர்? டிக், டிக், டிக். அவசரத்துல நாப்பத்தஞ்சுக்குப் பின்னால ஒரு சைபரும் சேந்து அமுங்கிப்போச்சு. வந்த விடையைப் பாத்து எழுதிட்டா, மூவாயிரத்து அறுநூறு பேர்.

செண்பகம் நோட்டை வாங்கிப் பாத்தா. சிரிப்பு வந்துடுச்சு. “ஏட்டி, எட்டு பஸ்ல மூவாயிரத்து அறுநூறு பேரா? கூரை மேல உக்காந்தாங்களா, டிரைவர் மடியில உக்காந்தாங்களா? நம்ம ஊரு, பக்கத்து ஊரு, அதுக்குப் பக்கத்து ஊரு எல்லாரும் ஏறினாக்கூட இம்புட்டு வராதே! எடு, எங்க இருக்கு அது?”

பூரணி காதெல்லாம் சிவந்துபோச்சு. கால்குலேட்டரை எடுத்துக் குடுத்துட்டா.

“ம்.”

அப்புறம் ரெண்டாவது தடவை. எங்க ஒளிச்சா? சாமி அலமாரியில, பிள்ளையார் படத்துக்குப் பின்னாடி. பிள்ளையாருக்குப் பயந்து எடுக்கமாட்டான்னு நினைச்சுட்டா. பூரணி ரெண்டு நாள் தேடினா. மூணாவது நாள் திருநீறு பூச நின்னவ, பிள்ளையார் கொஞ்சம் முன்னால சாஞ்சு நிக்குறதைப் பாத்துட்டா. கையைக் கூப்பினா. “பிள்ளையாரப்பா, நான் திருடல. அஞ்சே நிமிஷம். நீயே எண்ணிக்கோ”ன்னு சொல்லிட்டு எடுத்துட்டா.

அன்னைக்குக் கணக்கு, தொண்ணூத்தாறு முட்டாயை எட்டுப் பிள்ளைங்களுக்குச் சமமாப் பங்கு போடணும். வகுக்கிறதுக்குப் பதிலாக் கழிக்கிற பட்டனை அமுக்கிட்டா. வந்துச்சு எண்பத்தெட்டு. எழுதிட்டா.

செண்பகம் பாத்தா. “ஆளுக்கு எண்பத்தெட்டு முட்டாயா? யம்மாடி, என்னையும் அந்தக் கிளாஸ்ல சேத்துவிடு. பல்லெல்லாம் விழுந்தாலும் பரவால்ல.” சிரிச்சுட்டு, அப்புறம் கோவமும் வந்துச்சு. “சாமி படத்துக்குப் பின்னால இருந்து எடுத்தியா? எம்புட்டு தைரியம்!”

ரெண்டு தடவை அம்மா சிரிச்சது பூரணிக்கு நெஞ்சுல முள்ளு மாதிரி குத்திச்சு. இனிமே அம்மா சிரிக்கக்கூடாதுன்னு ஒண்ணு செஞ்சா. எந்தக் கணக்கைப் பாத்தாலும், முதல்ல மனசுக்குள்ள ஒரு தடவை தோராயமாப் போட்டுப் பாப்பா. எட்டு பஸ்ஸா? பஸ்ஸுக்கு அம்பதுன்னு வச்சாக்கூட நானூறைத் தாண்டாதே. தொண்ணூத்தாறு முட்டாயா? ஆளுக்குப் பத்து குடுத்தா எண்பது போச்சு, மிச்சம் கொஞ்சம், அப்போ பத்துக்கு மேல வரும், இருபதுக்குக் கீழதான் வரும். இப்படி.

தூங்கிட்டியா?

“இல்ல. மூணாவது எங்க ஒளிச்சாங்க?”

அதான் கதையே. மூணாவதா எங்க ஒளிச்சா? அரிசி டிரம்முக்குள்ள! ஒரு பாலித்தீன் பையில சுத்தி, அரிசியைத் தோண்டி, உள்ள வச்சு, மேல அரிசியைத் தள்ளி மூடிட்டா. எலி வந்தாக்கூடக் கண்டுபிடிக்காது.

மறுநாள் காலையில சோறு வைக்கணும்ல? செண்பகம் பித்தளைப் படியை எடுத்து ஞாபகம் இல்லாம அரிசிக்குள்ள ஓங்கி விட்டா. ணங்! “ஐயோ!”ன்னா. எடுத்துப் பாத்தா. கண்ணாடி உடையல. ஒண்ணை அமுக்கினா, ரெண்டை அமுக்கினா, ஏதோ நம்பர் வந்துச்சு. “அப்பாடி, முருகா!”ன்னு திரும்பவும் அரிசிக்குள்ள புதைச்சுட்டா. யாருகிட்டயும் சொல்லல. பொண்ணுக்குத் தெரியாம ஒளிச்சதை எப்படிப் பொண்ணுகிட்ட சொல்லுவா?

ஆனா அந்த ணங்குல ஒண்ணு நடந்துபோச்சு ராசா. கால்குலேட்டர்ல நம்பரெல்லாம் குட்டிக் குட்டிக் கோடாத்தானே வரும், பாத்திருக்கியா? எட்டுன்னா ஏழு கோடு. அதுல வலது பக்கம் மேல இருக்கிற ஒரே ஒரு கோடு அணைஞ்சுபோச்சு. எல்லா இடத்துலயும் இல்ல, பத்தாம் ஸ்தானத்துல, அதான் கடைசிக்கு முந்தின இடத்துல மட்டும். எட்டுல அந்தக் கோடு போச்சுன்னா என்ன ஆகும்? கண்ணை மூடிக்கிட்டே நினைச்சுப் பாரு.

“…ஆறு?”

அட என் தங்கம்! ஆறு. எட்டு வரவேண்டிய இடத்துல ஆறு. பாவம், அந்தக் கால்குலேட்டருக்கே தெரியாது, தான் பொய் சொல்லுறோம்னு.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம் செண்பகம் தைச்ச ஜாக்கெட்டைக் குடுக்க நாலு வீடு தள்ளிப் போனா. பூரணி டிரம்முக்குள்ள கையை விட்டா. முழங்கை வரைக்கும் அரிசி சரசரசரன்னு ஏறுது. பையைப் புடிச்சு இழுத்துட்டா.

கணக்கு என்னன்னா, வாரத்துக்கு ஏழு நாள், பன்னெண்டு வாரத்துக்கு எத்தனை நாள்? முதல்ல அவளே போட்டா. பத்து வாரத்துக்கு எழுபது. ரெண்டு வாரத்துக்குப் பதினாலு. எண்பத்து நாலு. எழுதியும் வச்சுட்டா. சும்மா சரி பாக்கத்தான் டிக், டிக், டிக்.

அறுபத்து நாலுன்னு வந்துச்சு.

பூரணி கண்ணைக் கசக்கிட்டுப் பாத்தா. இன்னொரு தடவை அமுக்கினா. அறுபத்து நாலு. மூணாவது தடவை அமுக்கினா. அறுபத்து நாலேதான். ‘கணக்குப் போடுற மிஷினுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது’ன்னு நினைச்சா. ரப்பரை எடுத்து, தான் எழுதின எண்பத்து நாலை தேய் தேய்னு தேய்ச்சு அழிச்சுட்டு, அறுபத்து நாலுன்னு எழுதிட்டா. கால்குலேட்டரை அரிசிக்குள்ள போட்டு மூடி, மேல கையால சமமாத் தடவியும் விட்டுட்டா.

மறுநாள் டீச்சர் சிவப்புல சுழிச்சுட்டாங்க. “பத்து வாரத்துக்கே எழுபது நாள் ஆச்சே பூரணி, பன்னெண்டு வாரத்துக்கு எப்படிம்மா குறைஞ்சுது?”ன்னு கேட்டாங்க. கீழ எண்பத்து நாலுன்னு எழுதியும் விட்டாங்க. பூரணி யோசிச்சா. நான் சரியாத்தானே போட்டேன், அப்போ அமுக்கினதுல தப்பா அமுக்கிட்டேனோ? வீட்டுல கேக்கலாம்னா, அரிசி டிரம்ல கை விட்டதைச் சொல்லணுமே. சொல்லல. நோட்டை மூடி வச்சுட்டா.

“ம்.”

அப்போ அந்தத் தெருவுல முப்பிடாதி அம்மன் கோயில் கொடை, அதான் திருவிழா, வந்துச்சு. கொட்டு, மேளம், பந்தல், தெருவெல்லாம் வாழைமரம். எதிர்வீட்டுல தங்கபாக்கியம்னு ஒரு அம்மா. அவளுக்கு சிவகாமின்னு அஞ்சு வயசுல ஒரு பொண்ணு. அந்தக் குட்டிக்குப் போன தை மாசம் காய்ச்சல். இன்னைக்கு விடும் நாளைக்கு விடும்னு பாத்தா விடவே இல்ல. பதினோரு நாள். கண்ணே திறக்கல. அப்போ தங்கபாக்கியம் அம்மன் முன்னால போய் விழுந்து, “தாயே, என் பிள்ளை எந்திரிச்சு உக்காந்து எங்கிட்ட ஒரு வாய் சோறு கேட்டாப் போதும், என் கல்யாணப் பட்டை உனக்குப் பாவாடையாத் தைச்சுக் கட்டுறேன்”னு அழுதா. பன்னெண்டாம் நாள் காலையில சிவகாமி கண்ணைத் திறந்து, “யம்மா, ரசஞ்சோறு”ன்னு கேட்டுச்சாம்.

சாமி இருக்குடா ராசா. கும்பிட்டுக்கோ. ம், கண்ணைத் திறக்க வேண்டாம், மனசுல கும்பிட்டாப் போதும்.

அப்புறம், கொடைக்கு ரெண்டு நாள் முன்னால, ஞாயித்துக்கிழமை காலையில தங்கபாக்கியம் அந்தப் பட்டை எடுத்துக்கிட்டு, சிவகாமியையும் கூட்டிக்கிட்டு செண்பகம் வீட்டுக்கு வந்தா. அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. ஆனா பழைய பட்டு பாரு, மடிச்சு மடிச்சு வச்சதுல மடிப்புக்கு மடிப்பு இத்துப்போயிருந்துச்சு. தொட்டா இழை விடுது. நல்லா இருந்தது ஒரே ஒரு இடம்தான். செண்பகம் டேப்பை வச்சு அளந்தா. தொண்ணூறு இஞ்சு. அவ்வளவுதான்.

“யக்கா, பத்துமா?” தங்கபாக்கியம் கேட்டா. “அம்மனுக்கு ஒட்டுத்துணி ஆகாதுன்னு பூசாரி சொல்லிட்டாரு. ஒரே துணியா இருக்கணுமாம். இது போச்சுன்னா எங்கிட்ட வேற பட்டு இல்ல. நான் வாயால சொன்ன வாக்கு யக்கா.”

“பயப்படாத. அளவைக் குடு.”

அம்மனோட இடுப்பளவை யாரும் டேப் வச்சு அளக்கமாட்டாங்க. பூசாரி ஒரு மஞ்சள் நூலை அம்மன் இடுப்பைச் சுத்திப் புடிச்சு, அந்த அளவுக்கு அறுத்துக் குடுப்பாரு. அந்த நூலைத்தான் தங்கபாக்கியம் வெத்தலையில சுருட்டிக் கொண்டாந்திருந்தா. செண்பகம் அதைக் கண்ணுல ஒத்திக்கிட்டு அளந்தா. இருபத்தெட்டு இஞ்சு. கொசுவம் வச்ச பாவாடைக்கு மூணு மடங்கு துணி. தையலுக்கு விடுறதெல்லாம் அதுலயே அடங்கிடும்.

அப்போ செண்பகம், “ஏட்டி பூரணி, வெளிய போய் சிவகாமிகூட விளையாடு. நான் கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வர்றேன்”னு அடுப்படிக்குப் போனா. சரசரசரன்னு சத்தம் கேட்டுச்சு. தண்ணி குடிச்சா சரசரன்னு கேக்குமா?

“கேக்காது.”

கேக்காதுல்ல? பூரணி வெளிய போகல, மிஷினுக்கு அடியிலதான் உக்காந்திருந்தா, பொம்மையை மடியில வச்சுக்கிட்டு. அம்மா திரும்பி வந்தா, முழங்கையெல்லாம் வெள்ளைத் தவிட்டுப் பொடி. முந்தானைக்குள்ள மறைச்சு வச்சு டிக், டிக், டிக்.

“இருபத்தெட்டு மூணு… அறுபத்து நாலு”ன்னா செண்பகம். முகமெல்லாம் மலந்துபோச்சு. “ஏ தங்கம்! தொண்ணூறுல அறுபத்து நாலு போனா இருபத்தாறு இஞ்சு மிச்சம் கிடக்குடி! உன் பிள்ளைக்கு ஒரு பட்டுச்சட்டை தைச்சுடலாம். அம்மனும் உன் பொண்ணும் கொடையன்னைக்கு ஒரே துணி!”

தங்கபாக்கியத்துக்குக் கண்ணு நிறைஞ்சுபோச்சு. சிவகாமி தட்டாமாலை சுத்துது. “எனக்கும் பட்டா? எனக்கும் பட்டா? யம்மா, எனக்கும் பட்டு!” காய்ச்சல்ல மெலிஞ்ச காலு ரெண்டும் குச்சி குச்சியா இருக்கு, அதை வச்சுக்கிட்டுச் சுத்துது.

மிஷினுக்கு அடியில பூரணிக்குத் திக்குன்னுச்சு. அறுபத்து நாலா? அன்னைக்கும் அறுபத்து நாலு. இன்னைக்கும் அறுபத்து நாலு. மனசுக்குள்ள போட்டுப் பாத்தா. இருபத்தஞ்சுன்னு வச்சாக்கூட மூணுக்கு எழுபத்தஞ்சு ஆச்சே. இருபத்தெட்டுக்கு அதை விடக் கூடத்தானே வரணும்? எப்படிக் குறையும்? டீச்சர் கேட்ட அதே கேள்வி.

செண்பகம் பட்டை விரிச்சா. டேப்பை வச்சா. அறுபத்து நாலுல சாக்குக் கட்டியால கோடு இழுத்தா, சர்ர்ர்.

பூரணி வாயைத் திறந்தா. அரிசி டிரம் ஞாபகம் வந்துச்சு. மூடிக்கிட்டா.

செண்பகம் பெரிய கத்திரியை எடுத்தா. பூரணி திரும்ப வாயைத் திறந்தா. சிவகாமி சிரிச்சுக்கிட்டே சுத்துறதைப் பாத்தா. இப்போ சொன்னா அந்தக் குட்டிக்குச் சட்டை போயிடுமே. மூடிக்கிட்டா.

செண்பகம் கிழக்க பாத்துக் கும்பிட்டு, “முப்பிடாதி தாயே, நீயே கூட இருந்து வெட்டு”ன்னு சொல்லி, பட்டோட கரையில கத்திரியைக் கொண்டுபோய் வச்சா. கத்திரி வாயைத் திறந்துச்சு…

“அப்புறம்?”

அப்புறம் பூரணியும் வாயைத் திறந்தா. “அம்மா, வெட்டாதே!”

மிஷின்ல தலை மடார்னு இடிச்சுது. அவ பொருட்படுத்தல. வெளிய வந்துட்டா. செண்பகத்துக்குக் கோவம். “ஏட்டி! சாமி காரியத்துக்குக் கத்திரி எடுக்குறப்போ இப்படியா கத்துவே?”

“அறுபத்து நாலு தப்பும்மா.”

“நானா சொன்னேன்? மிஷின் சொல்லுது.”

“மிஷின் தப்பா சொல்லுது.”

“நாலாங்கிளாஸ்ல உனக்கு மிஷினை விட அறிவு வந்துடுச்சோ?”

பூரணிக்குக் கண்ணுல தண்ணி முட்டுது. வெத்தலை மேல கிடந்த மஞ்சள் நூலை எடுத்தா. “நூலை மூணு தடவை வச்சுப் பாரும்மா. என் பொம்மைக்கு நான் அப்படித்தான் வைப்பேன்.”

சிவகாமி சுத்துறதை நிறுத்திட்டு வந்து எட்டிப் பாத்துச்சு. பூரணி பட்டு மேல நூலை நீட்டி வச்சா, ஒண்ணு. அது முடிஞ்ச இடத்துல விரலை வச்சுக்கிட்டுத் திரும்ப நீட்டினா, ரெண்டு. சாக்குக் கோடு கிட்டக்க வந்துடுச்சு. மூணாவது நீட்டினா. நூலு அந்தக் கோட்டைத் தாண்டிப் போகுது… போகுது… போகுது… ரெண்டு சாணுக்கு மேல தாண்டிப் போய்த்தான் நின்னுச்சு.

செண்பகத்தோட கையிலிருந்து கத்திரி தானா கீழ வந்துடுச்சு. “தாயே, தாயே”ன்னு முணுமுணுத்தா. தங்கபாக்கியம் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டா.

“எப்படிடி உனக்குத் தெரிஞ்சுது?”

இப்போ சொல்லித்தான் ஆகணும். பூரணி சொன்னா, எல்லாத்தையும். டிரம்ல கை விட்டது, பன்னெண்டு வாரம், தான் போட்ட எண்பத்து நாலு, ரப்பரால அழிச்சது, சிவப்புச் சுழி. விக்கி விக்கிச் சொன்னா. சொல்லிட்டு, கால்குலேட்டரை வாங்கி எட்டை அமுக்கினா. டிக். இன்னொரு எட்டு, டிக். எட்டு எட்டா எட்டு தடவை. திரை முழுக்க எட்டா நிறைஞ்சுது. கடைசிக்கு முந்தினது மட்டும் ஆறு. வரிசையா எல்லாரும் நிக்கும்போது ஒருத்தி மட்டும் கையைத் தூக்காம நிக்குற மாதிரி.

செண்பகம் பாத்தா. அப்புறம் என்ன சொன்னா தெரியுமா? அடிக்கப்போறான்னுதானே நினைச்சே? பூரணியும் அப்படித்தான் நினைச்சா. செண்பகம் தன் கையில ஒட்டியிருந்த தவிட்டுப் பொடியைத் தட்டிக்கிட்டே, “நான்தான் படியால அடிச்சேன்”னா, மெல்ல.

“என்னம்மா?”

“ஒளிச்சு வச்ச மறுநாள் காலையில அரிசி எடுக்குறப்போ ணங்குனு ஒரு அடி. உடையலைன்னு திரும்பப் புதைச்சுட்டேன். உங்கிட்ட ஒளிச்சதால உங்கிட்ட சொல்லல. நீ எங்கிட்ட ஒளிச்சதால எங்கிட்ட சொல்லல. ரெண்டு பேரும் சேந்து அம்மன் பாவாடையை வெட்டப் பாத்தோமேடி.”

தங்கபாக்கியத்துக்கு இப்பத்தான் உசிரு வந்துச்சு. “யக்கா, அரிசியில வச்சா மாங்கா பழுக்கும்னு தெரியும். கால்குலேட்டர் பழுத்துப்போன கதையை இன்னைக்குத்தான் பாக்குறேன்”னா. மூணு பேரும் சிரிச்சாங்க, கண்ணுல தண்ணியோட.

சிவகாமி மட்டும் சிரிக்கல. கீழுதடு பிதுங்குது. “அப்போ எனக்குச் சட்டை?”

செண்பகம் குனிஞ்சு பாத்தா. தொண்ணூறுல எண்பத்து நாலு போனா ஆறு இஞ்சு. ஆறு இஞ்சுல சட்டை எங்கேருந்து வரும்? அப்போ பூரணி அந்த மிச்ச இடத்தைக் கையால தடவினா. அகலம் ஆறு இஞ்சுதான், ஆனா நீளம்? இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் இருக்கே. “அம்மா, இதை நடுவுல ரெண்டாக் கிழிச்சா…” தன் சடையைத் தொட்டுக் காட்டினா. ரெட்டைச் சடைக்கு ரெண்டு ரிப்பன்!

சிவகாமி உதடு திரும்ப உள்ள போயிடுச்சு. “பச்சைக் கரை ரிப்பனுல வருமா?”

“வரும். நுனியில தொங்கும்.”

அப்புறம் செண்பகம் எண்பத்து நாலுல கோடு போட்டா. நூலை வச்சு ஒரு தடவை, டேப்பை வச்சு ஒரு தடவை, பூரணியைச் சொல்லச்சொல்லி ஒரு தடவை, மூணு தடவை பாத்தா. அப்புறம்தான் கரிச், கரிச், கரிச். மிஷின் கடகடகடன்னு ஓடுச்சு. செவ்வாக்கிழமை கொடையில அம்மனுக்குத் திரை விலக்கினாங்க பாரு, கொசுவம் கொசுவமா, அடியெடுத்து வச்சா சுழலும்போல நின்னா அம்மன். தங்கபாக்கியம் கூப்பின கையைக் கீழ போடவே இல்ல. அவ இடுப்புல சிவகாமி. அது மாவிளக்கைப் பாக்கல, மேளத்தைப் பாக்கல. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கிட்டே இருந்துச்சு, ரிப்பன் கன்னத்துல உரசுறதுக்காக.

“ம்…”

வந்துடுச்சா தூக்கம்? இன்னும் கொஞ்சம்தான்.

கொடை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் செண்பகம் கால்குலேட்டரைத் துடைச்சு மிஷின் மேல வச்சா. எல்லாரும் பாக்குற இடத்துல. பூரணி நம்பல. “எனக்கா? நான் பெரியவளாயிட்டேனா?”

“நீ பெரியவளாகல. பல்லே இன்னும் முழுசா முளைக்கல. ஆனா அது பொய் சொன்னா உனக்குத் தெரியுதுல்ல? எனக்குத் தெரியலையே. அன்னைக்கு எங்கிட்ட இருந்ததை விட உங்கிட்ட இருக்கிறதுதான் நல்லது.” அப்புறம் மூக்கைப் புடிச்சு ஆட்டினா. “ஆனா வாய்ப்பாடு படிக்கிறப்போ அதைத் தொடக்கூடாது. அது உன் வாயில இருக்கணும். பெரிய பெரிய கணக்கா வந்தா எடுத்துக்கோ. அமுக்குறதுக்கு முன்னாடி, இம்புட்டு வரும்னு எங்கிட்ட ஒரு எண் சொல்லிட்டு அமுக்கு. நீ சொன்னதும் அது சொன்னதும் பக்கத்துல பக்கத்துல இருந்தா எழுது. தூரம் தூரமா இருந்தா ரெண்டு பேர்ல ஒருத்தர் தப்பு, யாருன்னு பாப்போம். நான் சிரிக்க மாட்டேன்.”

“நிஜமா சிரிக்க மாட்டியா?”

“முட்டாய் கணக்குன்னா கொஞ்சம் சிரிப்பேன்.”

அடுத்த மாசம் அப்பா வந்தப்போ, “பழுதாப்போச்சே, வேற வாங்கியாரேன்”னாரு. வாங்கியும் வந்தாரு. செண்பகம் புதுசை வச்சுக்கிட்டா. பூரணி பழசையே வச்சுக்கிட்டா. அந்த ஒத்தைக் கோடு எங்க இல்லைன்னு அவளுக்குத் தெரியுமே. அது ஆறுன்னு காட்டுறப்போ, “பொறு, நீ ஆறா, எட்டா?”ன்னு கேப்பாளாம். கேட்டுட்டு மனசுக்குள்ள ஒரு தடவை போட்டுப் பாப்பாளாம். அப்புறம், முன்னால தேய்ச்சு அழிச்சுட்டு அறுபத்து நாலுன்னு எழுதின அந்தப் பக்கத்துல, திரும்பவும் எண்பத்து நாலுன்னு தன் கையால பெருசா எழுதி வச்சா.

அவ்வளவுதான் ராசா. பாவாடை தைச்சாச்சு, நூலைச் சுத்தி வச்சாச்சு, மிஷினுக்கு உறை போட்டாச்சு. கதையும் படுத்துடுச்சு, நீயும் படு. நாளைக்குக் காலையில உனக்கும் கால்குலேட்டர் தரச்சொல்லி நான் உங்கம்மாகிட்ட பேசுறேன், நீ முதல்ல ஒரு எண் சொல்லிட்டு அப்புறம் அமுக்குவேன்னு. சரியா? சாமி, என் பிள்ளைக்கு நல்ல தூக்கம் குடு.

“பாட்டி…”

என்னடா, இன்னும் தூங்கலையா?

“எங்கம்மா… எங்க ஒளிச்சு வச்சிருக்காங்க?”

எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அரிசி டிரம்ல இல்ல, அது மட்டும் சொல்லுறேன். தூங்கு.